கடிதம் வராத நான்கு சனிக்கிழமைகள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு நாளாக நீ போன் செய்வதும் நான் எடுக்காமல் விடுவதுமாக இருக்கிறது. கோபம் ஒன்றுமில்லை. காரணத்தை எழுத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு புது மாத்திரை கொடுத்துப் பார்க்கிறீர்களே, அந்த ஆய்வுக்கு ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. அந்தக் குழுவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இருபத்திரண்டு ஆஸ்பத்திரிகளில் ஆயிரத்து எண்ணூறு பேரைச் சேர்க்கிறார்கள். வழக்கமான வைத்தியம் எல்லோருக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆய்வு முடிவதற்குள் நடுவில் இரண்டு முறை, எந்தப் பக்கம் எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் என்று எண்ணி நான் குழுவிடம் காட்ட வேண்டும். தொடரலாமா, நிறுத்தலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். வெளியே யாரிடமும் நான் வாய் திறக்கக் கூடாது.

என் அக்கா அங்கே ஆய்வு நர்ஸ் என்று குழுத் தலைவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர், "ஆய்வைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடியுமா?" என்றார். முடியும் என்றேன். சொன்ன பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. நான் தொண்டையைக் கனைப்பதை வைத்தே என் பரீட்சை மார்க்கைச் சொன்னவள் நீ. ஆகவே ஆய்வு முடியும்வரை போன் வேண்டாம். சனிக்கிழமைதோறும் கடிதம் எழுதுகிறேன். கடிதமென்றால் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு உறையை ஒட்டலாம்.

மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

தம்பி


ஜனவரி 19

அன்புள்ள புள்ளிக்கு,

நீ படித்துப் பெரும்புள்ளி ஆவாய் என்று அப்பா காத்திருக்க, நீ போய்ப் புள்ளியியலில் விழுந்தாய். அன்று வைத்த பெயர் இன்றைக்குத்தான் முழுதாகப் பொருந்துகிறது. ஆயிரத்து எண்ணூறு பேரின் தலையெழுத்தையும் வைத்துக்கொண்டு அக்காவிடம் முதுகுவலி விசாரிக்கிறாய். மாமாவின் முதுகு சௌக்கியம். சொன்ன வேலையைச் செய்யும்போது மட்டும் வலிக்கிறது.

போன் வேண்டாம் என்றது முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு பார்த்தால் நீ பயந்தது சரி.

என்னிடம் பதினான்கு பேர் இருக்கிறார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு ஈசிஜி மெஷின், பூட்டுப் போட்ட மாத்திரை அலமாரி. இதுதான் என் ராஜ்ஜியம். பதினான்கு பேரில் ஒருவர் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர். ஈசிஜி எடுக்கப் படுக்க வைத்தால் வலது கால் தானாகப் போய்க் கட்டில் கம்பியை அழுத்துகிறது. "காலை ஆட்டாதீங்க சார், கோடு கெட்டுப்போகுது" என்றேன். "பிரேக் சிஸ்டர். முப்பது வருஷமா அடுத்தவன் ஓட்டுற வண்டியில உயிரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கால் கேக்காது" என்றார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். அவர் சிரிக்கும்போது இந்த அம்மா சிரிப்பதில்லை. அவர் மூச்சைக் கவனிக்கிறார்.

இப்படி எழுதுவதும் தப்பா?

அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

தப்புதான். கோபித்துக்கொள்ளாதே. உன் பதினான்கு பேரும் எனக்குப் பதினான்கு எண்கள். எந்த எண் வாத்தியார் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஓர் எண்ணுக்கு முகம் வந்துவிட்டால், பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் கண் அதைத் தேடிப் போகும்.

இங்கே வீட்டுக்காரர் மாடியில் புதிதாகச் சுவர் எழுப்புகிறார். நாள் முழுக்கத் தட்டல். வேறொன்றுமில்லை.

தம்பி


ஏப்ரல் 14

புள்ளி,

நான்கு சனிக்கிழமை ஆகிவிட்டது. மார்ச் பதினைந்தோடு உன் கடிதம் நின்றுபோனது.

மார்ச் பதினெட்டாம் தேதி உங்கள் குழு கூடியது, ஆய்வு மாற்றமில்லாமல் தொடரும் என்று எங்களுக்கு இரண்டு வரிச் சுற்றறிக்கை வந்தது. அதற்குப் பிறகுதான் நீ ஊமையானாய். கேட்கக் கூடாதென்று எனக்குத் தெரியும், நான் கேட்கவுமில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக்கொள் என்று யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லையே.

உன் கெட்ட செய்தி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு எவ்வளவு நீளமாக, எவ்வளவு கலகலப்பாக எழுதினாய்! பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதற்கே ஒரு பக்கம். உன் நல்ல செய்திதான் ஓடி ஒளியும். மாநிலத்தில் இரண்டாவதாக வந்த அன்று வீடு முழுக்கத் தேடிக் கடைசியில் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். "மூஞ்சியில தெரிஞ்சிடும்னு ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றாய்.

முந்தாநாள் வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். மூன்று வாரமாக அவருக்குப் படபடப்பு. அந்தப் படபடப்பைப் பார்த்தால் அவருக்குப் புது மாத்திரைதான் போகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆய்விலிருந்து விலகிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "தொடரலாம், வேணாம்னா விடலாம், உங்க இஷ்டம்" என்றார். வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இஷ்டம்னா எப்படிங்க? எங்களுக்கு என்ன தெரியும்? உங்க வீட்டு மனுசனா இருந்தா என்ன சொல்வீங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முடிவு நோயாளியுடையது என்று படிவத்தில் அச்சடித்தே இருக்கிறது. அந்தக் கை என் கைமேல் இருக்கும்போது உன் நான்கு சனிக்கிழமையும் நினைவுக்கு வந்தது. "இருங்க" என்று சொல்லிவிட்டேன். "எங்க வீட்டு ஆளா இருந்தா இருக்கச் சொல்வேன்."

இரண்டு பேர் முகமும் அப்படித் தெளிந்தது. வாத்தியார் லிஃப்ட் வேண்டாமென்று படியில் இறங்கிப் போனார்.

உன்னிடம் பதில் கேட்கவில்லை. கடிதம் மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

எனக்குக் காய்ச்சல். பத்து நாள் படுத்திருந்தேன். அதனால்தான் எழுதவில்லை. அதில் வேறெந்த அர்த்தமும் இல்லை.

நீ செய்தது தவறு. நாளைக்கே அவர்களைக் கூப்பிட்டு, நான் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் பேசி நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல். தயவுசெய்து சொல்.

இதை எழுதும்போதே என் கை தயங்குகிறது. 'இவன் ஏன் இப்படித் துடிக்கிறான், அப்படியென்றால் மருந்து ஆகாததோ' என்று நினைப்பாய். நான் துடிக்காமல் எழுதினால் 'நான் நினைத்தது சரி' என்பாய். எதை எழுதினாலும் அதை வைத்து ஒன்று படிப்பாய். எழுதாவிட்டால் அதையும் படிக்கிறாய். நான் எங்கே போய் நிற்பது?

நடந்ததை நான் தலைவரிடம் சொல்லியாக வேண்டும். உன் பெயரைச் சொல்லாமல் சொல்ல வழியில்லை.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

காய்ச்சல் என்றால் மூன்று நாளில் மாமாவுக்குப் போன் போட்டு மிளகாய்ப்பொடி அளவுக்குச் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையெல்லாம் படித்துக் காட்டிப் புலம்புகிறவன் நீ. போகட்டும்.

நீ சொன்னபடி அவர்களைக் கூப்பிட்டு, படிவத்தில் இருப்பதை ஒப்பித்தேன். வாத்தியார் சிரித்தார். "சிஸ்டர், போன தடவை மனசுலேர்ந்து சொன்னீங்க. இந்தத் தடவை காகிதத்துலேர்ந்து சொல்றீங்க. எனக்கு எது எதுன்னு தெரியாதா?" என்றார். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். படபடப்பும் குறைந்திருக்கிறது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள நான் என்ன செய்ய வேண்டும், நீயே சொல்.

தலைவரிடம் தாராளமாகச் சொல். எங்கள் மேலதிகாரியிடம் நானே சொல்லிவிட்டேன், ஒரு மணி நேரம் பேசினார். எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்த வாரம் இரண்டு நாள் மழை. மாடிச் சுவர் முடிந்துவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி


செப்டம்பர் 16

தம்பிக்கு,

வாரா வாரம் நீ எழுதும் ஐந்து வரிக்கு நான் பதில் போட்டு மூன்று மாதம் ஆகிறது. மழையையும் குழாயையும் எத்தனை தடவை படிப்பது? இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

வாத்தியார் இறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சி மைதானத்தில். கற்றுக்கொள்ள வந்த ஒரு நடுத்தர வயது அம்மாள் ஓட்டிக்கொண்டிருந்தார். "ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தியதும் தலையைச் சாய்த்துக்கொண்டார். தான் கியரைத் தப்பாகப் போட்டதற்குத்தான் கோபமாக இருக்கிறார் என்று அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவே பயந்து ஐந்து நிமிடம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். "சார், இன்னொரு தடவை போடட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாராம்.

என்னிடம் இன்னும் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் அடுத்த மாத்திரைக் குப்பி வாங்க வருகிறார்கள். கொடுக்கட்டுமா? ஒரே ஒரு வார்த்தை. இதற்கு முன் நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாத்தியாருக்காக வருந்துகிறேன். நீ கேட்டதற்குப் பதில் எழுத என்னால் முடியாது.

தம்பி


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை குழு கூடி ஆய்வை நிறுத்திவிட்டது. வியாழனன்று உங்களுக்கும் தகவல் வந்திருக்கும். தலைவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. நீ படித்தது சரி.

மார்ச்சில் மொத்தம் முப்பத்தாறு பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரைப் பக்கம் இருபத்துநான்கு. புது மாத்திரைப் பக்கம் பன்னிரண்டு. பாதிக்குப் பாதி! வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு எனக்கு நானே சிரித்தேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை உனக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு காகிதம் கிழித்தேன். எதை எழுதினாலும் சந்தோஷம் தெரிந்தது. மாடிச் சுவர்த் தட்டலைப் பற்றிக்கூடச் சந்தோஷமாகத்தான் எழுத வந்தது. சரி, எழுதாமல் இருந்துவிடலாம் என்று இருந்தேன்.

அவ்வளவு நன்றாக இருந்தால் அப்போதே ஏன் நிறுத்தி எல்லோருக்கும் புது மாத்திரை கொடுக்கவில்லை என்று கேட்பாய். முப்பத்தாறு காசுகளை எடுத்துச் சுண்டிப் பார். இருபத்துநான்கோ அதற்கு மேலோ ஒரே பக்கமாக விழுவது பதினைந்து தடவைக்கு ஒரு தடவை சும்மாவே நடக்கும். அந்தக் காசில் எந்த மருந்தும் இல்லை. ஓட்டு எண்ணும்போது முதல் சுற்றில் முன்னிலை என்றதும் மாலை வாங்க ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாய். அதோடு, நடுவில் எட்டிப் பார்க்கப் பார்க்க ஏமாறும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். அதனால் முதல் தடவை பார்க்கும்போது வேலியை மிக உயரமாகப் போட்டு வைப்பார்கள். பன்னிரண்டுக்கு இருபத்துநான்கு என்பது அந்த வேலியைத் தாண்டவில்லை. குழு சரியாகத்தான் தொடரச் சொன்னது. இதையெல்லாம் நான் மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுக்கிற நான் நம்பிவிட்டேன்.

இப்போது இறந்தவர்கள் நூற்றெழுபது. புது மாத்திரைப் பக்கம் நூறு. வெறும் மாத்திரைப் பக்கம் எழுபது. நாள் போகப் போக அந்த மருந்து இதயத்தின் துடிப்பைத் தடுமாற வைக்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் தெரிந்த நன்மை மருந்து செய்ததா, காசு விழுந்த விதமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. கெடுதலுக்கு வேலி அவ்வளவு உயரமில்லை. நன்மையென்று நிரூபிக்கக் காத்திருக்கலாம், கெடுதலென்று நிரூபிக்க ஆட்களைச் சாகவிட முடியாது என்பதால் அப்படி. ஆகவே நிறுத்தினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் என்னால் இருக்க முடியாது. ஆகஸ்ட் கடைசியிலேயே எண்கள் திரும்புவது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு ஆஸ்பத்திரிகளிலிருந்து இறப்பு விவரம் சரிபார்த்து வரவில்லை. அரைகுறைக் கணக்கை வைத்து நான் ஒருவன் எதையும் நிறுத்த முடியாது. தலைவரிடம் ஓடினேன். அக்டோபர் பதினான்கில் கூட வேண்டிய குழுவை அவர் செப்டம்பர் முப்பதுக்குக் கொண்டுவந்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. 'சனிக்கிழமை தவறாம எழுதுங்க, ஒண்ணுமே இல்லாம எழுதுங்க' என்று ஏப்ரலிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் முப்பதாம் தேதி, குழாய்க்காரர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார் என்று உனக்கு எழுதினேன். அதை எழுதும்போது அந்த எண்கள் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தன. வாத்தியாருக்கு அப்போது இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

எந்த மாத்திரை என்று எழுதி ஒட்டி வைத்திருந்த அவருடைய உறையை நீங்கள் பிரித்திருப்பீர்கள். நானும் முதல் முறையாக அவர் எண்ணைத் தேடிப் பார்த்தேன். புது மாத்திரைதான்.

அந்த மாத்திரையால்தான் இறந்தாரா என்று நீ கேட்பாய். அந்தப் பக்கம் நூறு பேர் இறந்தார்கள். மாத்திரை இல்லாமலே இருந்திருந்தாலும் எழுபது பேர் போலப் போயிருப்பார்கள். மீதி முப்பது பேரை மாத்திரை கொண்டுபோயிருக்கிறது. அந்த முப்பது பேர் யார் யார் என்று சொல்ல எந்தக் கணக்கும் கிடையாது அக்கா. வாத்தியார் அதில் ஒருவரா, எழுபதில் ஒருவரா என்று நான் சாகும்வரை உட்கார்ந்து போட்டாலும் வராது. இருபது வருடம் படித்தது இதற்கு உதவாது.

என்னைத் திட்டி எழுது. பரவாயில்லை.

தம்பி


நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைத் திட்டுவதற்காக இரண்டு கடிதம் ஆரம்பித்தேன். இரண்டும் பாதியில் என்னையே திட்டிக்கொண்டு நின்றன.

எல்லோரிடமும் மீதி மாத்திரைகளைத் திரும்ப வாங்கி, எண்ணி, படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. பதின்மூன்று பேரும் வந்து கொடுத்துவிட்டார்கள். வாத்தியார் வீட்டுக்கு நேற்று நானே போனேன்.

மூன்றாவது மாடி. வாசலில், சாலை விதிகள் எழுதிய பலகைகள் சுவரில் சாய்த்து வைத்தபடியே இருக்கின்றன. அந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே குப்பியை எடுத்து வந்தார். சாப்பாட்டு மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் கொட்டி எண்ண ஆரம்பித்தேன்.

ஒரு குப்பியில் எழுபது இருக்கும். ஆகஸ்ட் இருபத்தொன்று காலையிலிருந்து நாளுக்கு இரண்டு. செப்டம்பர் பதின்மூன்று வரை நாற்பத்தெட்டு. பதினான்காம் தேதி காலையில் ஒன்று. அப்படியானால் இருபத்தொன்று மீதி இருக்க வேண்டும். நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? ஐம்பது இருக்கட்டும், அறுபது இருக்கட்டும், இந்த மனுஷன் நான் சொன்னதைக் கேட்காமல் பாதி நாள் ஏமாற்றியிருக்கட்டும் என்று. இத்தனை வருட வேலையில் மாத்திரை போடாத நோயாளிகளிடம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன். நேற்று ஒருவராவது அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று கெஞ்சினேன்.

இருபத்தொன்று. மூன்று தடவை எண்ணினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அன்று காலை மைதானத்துக்குப் போகும் முன்னும் போட்டிருக்கிறார்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொறையுதுங்களா?" என்றார்.

"இல்லைங்க. சரியா இருக்கு."

"அதுல எல்லாம் ரொம்பக் கரெக்டு அவரு."

அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் தம்பி அங்கே கணக்குப் போடுகிறவன் என்று, நான்கு வாரம் அவன் கடிதம் போடவில்லை என்று, அது நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு 'இருங்க' என்று சொன்னேன் என்று. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து வெளியே போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

அவர் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். அப்புறம், "அப்ப ஒங்க தம்பி அந்த நேரத்துல சந்தோசமாத்தான் இருந்தாரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இவரும் அன்னைக்குச் சந்தோசமாத்தான் வீட்டுக்கு வந்தாரு. வர்ற வழியில சட்டைத்துணி எடுத்தாரு."

மன்னித்தாரா, இல்லையா என்று நான் படித்துப் பார்க்கவில்லை. படிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

படிவத்தை நிரப்பினேன். கொடுத்தது எழுபது, மீதி இருபத்தொன்று, வித்தியாசம் இல்லை. கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை வாங்கி, "எங்க போடணும்?" என்றார். அந்தக் கோட்டுக்கு அடியில் 'மாத்திரை உட்கொண்டவர்' என்று மட்டும்தான் அச்சடித்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அக்கா